அட்டையை வெட்டினால் கணக்கு மூடப்படாது

சென்ற மாதம் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளை ஒருத்தி, இரண்டாக வெட்டிய கடனட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். “அன்ரி, கணக்கை மூடிவிட்டேன்” என்றாள். வங்கிக்கு எழுதிக் கொடுத்தாயா என்று கேட்டேன். இல்லையாம். அப்படியென்றால் கணக்கு மூடப்படவில்லை. ஆண்டுக் கட்டணம் வழக்கம்போல ஏறும், அது கட்டப்படாவிட்டால் தாமதக் கட்டணமும் சேரும்.

கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கணக்குக் கிளையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். எனக்கே இது 2022 இல் நடந்தது. கடனட்டை வட்டியை இலங்கை மத்திய வங்கி 2020 ஆகஸ்டில் 18 சதவீதத்துக்கு மட்டுப்படுத்தியிருந்தது. பொருளாதார நெருக்கடி வந்த அந்த 2022 இல் என்னுடைய அட்டைக்கு அது 30 சதவீதமானது. குளிர்சாதனப் பெட்டி திருத்தவும் மருந்துக்குமாக எடுத்த 80,000 ரூபாயில், கட்டவேண்டிய குறைந்தபட்சத் தொகை 4,000. அதில் 2,000 ரூபாய் வட்டிக்கே போனது. ஓய்வூதியத்தில் இதற்கு இடமில்லை என்று முடிவெடுத்து மிச்சம் பிடித்து அடைத்தேன். கடைசியாக வங்கி அனுப்பிய மாதாந்தக் கணக்குக் கூற்றில் 45,000 ரூபாய் என்று இருந்தது. அதை ஒரு சதமும் குறையாமல் கட்டி, அட்டையையும் வெட்டினேன். அடுத்த கூற்றில் 444 ரூபாய் நிலுவை காட்டியது.

அந்த 444 ரூபாயை விளங்கிக்கொள்ளுங்கள். கூற்று அச்சான நாளுக்கும் நான் பணம் கட்டிய நாளுக்கும் இடையில் பன்னிரண்டு நாட்கள். மாதாமாதம் நிலுவை வைத்துக் கட்டுபவர்களுக்கு அந்த நாட்களுக்கும் வட்டி ஓடும், ஆனால் அடுத்த கூற்றில்தான் தெரியும். நான் அந்த உறையைப் பிரிக்காமலே வைத்துவிட்டேன். இரண்டு மாதத்தில் தாமதக் கட்டணங்கள் அந்த 444 ரூபாயை விடப் பெரிதாகிவிட்டன. ஆகவே கூற்றில் உள்ள தொகையை மட்டும் நம்பிக் கட்டாதீர்கள். “இன்றைய தேதிக்குக் கணக்கை முடிக்க எவ்வளவு?” என்று கிளையிலோ வாடிக்கையாளர் இலக்கத்திலோ கேட்டு, அன்றே கட்டுங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கூடுதலாகக் கட்டிவிட்டாலும் பயமில்லை, மிகுதியை உங்கள் சேமிப்புக் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லலாம்.

பணம் கட்டுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. கடைசி மூன்று கூற்றுகளையும் விரித்துவைத்து, தானாகவே கழிக்கப்படுபவற்றைக் கோடிடுங்கள். தொலைபேசிக் கட்டணம், காப்புறுதித் தவணை, பிள்ளைகள் பதிந்துவைத்த இணையச் சந்தாக்கள் எல்லாம் அதில் இருக்கும். அவற்றை வேறு கணக்குக்கு மாற்றி, ஒரு மாதம் பொறுங்கள். கஸ்தூரியார் வீதியில் நகையோ, வேறெங்கும் தொலைக்காட்சியோ தவணைத் திட்டத்தில் வாங்கியிருந்தால், மீதித் தவணைகள் முழுவதையும் ஒரே தடவையில் கேட்பார்கள். முன்கூட்டி முடிப்பதற்குக் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேளுங்கள். அட்டையைப் பயன்படுத்தியதற்காகச் சேர்ந்திருக்கும் வெகுமதிப் புள்ளிகளைக் கணக்கு திறந்திருக்கும்போதே பயன்படுத்திவிடுங்கள். மகனுக்கோ மனைவிக்கோ எடுத்துக் கொடுத்த துணை அட்டையும் உங்களுடையதோடு சேர்ந்து செயலிழக்கும். கொழும்பில் படிக்கும் பிள்ளை கடையில் நின்று தவிக்காதபடி முதலே சொல்லிவையுங்கள்.

பிறகு கடிதம். தொலைபேசியில் சொன்னால் போதும் என்பார்கள். நான் அதை ஏற்கமாட்டேன், ஏனென்றால் தொலைபேசிப் பேச்சுக்கு உங்கள் கையில் சான்று இருக்காது. கடனட்டைப் பிரிவின் முகாமையாளருக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: “கடைசி நான்கு இலக்கங்கள் இன்னவையாக உள்ள எனது கடனட்டைக் கணக்கையும் அதன் துணை அட்டையையும் நிரந்தரமாக மூடிவிடுமாறு வேண்டுகிறேன். நிலுவை முழுவதும் செலுத்திய பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்துள்ளேன். நிலுவை எதுவுமில்லை என்றும் கணக்கு மூடப்பட்டது என்றும் எழுத்தில் உறுதிப்படுத்தவும்.” பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, கையொப்பம். முழு அட்டை இலக்கத்தையும் பின்புறத்து மூன்று இலக்கங்களையும் எழுதவே வேண்டாம். இரண்டு பிரதிகள் எடுத்துச் சென்று, ஒன்றில் கிளையின் முத்திரையும் திகதியும் வாங்குங்கள். முத்திரை இல்லாமல் வெளியே வராதீர்கள்.

சில நாட்களில் அழைப்பு வரும். ஆண்டுக் கட்டணத்தை விட்டுத்தருகிறோம், கடன் எல்லையைக் கூட்டித்தருகிறோம் என்று அன்பாகப் பேசுவார்கள். வேண்டாம் என்றால் ஒரே சொல்லில் மறுத்துவிடுங்கள். மூடுவதற்கென்று கைத்தொலைபேசிக்கு வந்த இரகசிய இலக்கத்தை யாராவது கேட்டால் உடனே அழைப்பைத் துண்டியுங்கள், அது வங்கி அல்ல.

அட்டையைச் சில்லும் காந்தப் பட்டையும் துண்டாகும்படி வெட்டலாம், ஆனால் உறுதிக் கடிதம் கையில் கிடைத்தபின். அதன் பிறகும் இரண்டு மாதங்களுக்கு வரும் உறைகளைப் பிரித்துப் பாருங்கள். மூன்று நான்கு மாதம் கழித்து, 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான கொடுகடன் தகவல் பணியகத்தில், எல்லோரும் கிரிப் என்று சொல்வது அதைத்தான், உங்கள் கடன் வரலாற்று அறிக்கையை எடுத்துப் பாருங்கள். வீட்டுக் கடனுக்கு நீங்கள் விண்ணப்பிக்கும் வங்கி முதலில் திறப்பது அதைத்தான். ஒரு சில்லறை நிலுவை அங்கே தவணை தவறியதாக நின்றால், வீடு கட்டும் கனவே தள்ளிப்போகும்.

வங்கி இழுத்தடித்தால், முதலில் வங்கிக்கே எழுத்தில் முறையிடுங்கள். அதற்கும் பதிலில்லை என்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 இல் அழைக்கலாம், வங்கிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம். முத்திரை வைத்த அந்தப் பிரதி அங்கேதான் பேசும்.

அந்தப் பிள்ளையுடைய கடிதத்தை வியாழக்கிழமை ஆஸ்பத்திரி வீதிக் கிளையில் கொடுத்தோம். முத்திரை வாங்கியாயிற்று. அடுத்த கூற்று வந்ததும் பிரிக்காமல் என்னிடம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.