மனிதப் பரிணாமத்தை விளக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையைச் சுற்றியுள்ள பள்ளிகளில் மனிதப் பரிணாமத்தைப் பற்றிப் பேச முன்வரும் இளம் ஆசிரியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் பயிற்சி தருவது நான் நெடுங்காலமாகச் செய்துவரும் பணி. அண்மைக் காலத்தில் அவர்களுடைய வகுப்புகளில் பின்வரிசையில் அமர்ந்து கேட்கும்போது, என் தலைமுறை ஆசிரியர்கள் கரும்பலகையில் செய்த அதே பிழைகள் இப்போது திரையில் வண்ணப் படங்களோடு திரும்பி வருவதைக் காண்கிறேன். டார்வினுடைய நூல் வெளிவந்த ஆண்டை மாற்றிச் சொல்வது, நியாண்டர்தால் என்ற பெயரைத் தவறாக எழுதுவது போன்றவை தாமாகவே திருந்திவிடும் என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. கேட்பவர் மனத்தில் ஆயுள் முழுவதும் தங்கிவிடக்கூடிய பிழைகளை மட்டும் எழுதுகிறேன்.

உயிரோடிருக்கும் குரங்கை மூதாதை என்று காட்டுவது

எல்லாவற்றிலும் பெரிய பிழை இது. இன்றும் எனக்குச் சினமூட்டுவதும் இதுவே. அழகர்கோவிலுக்குச் சுற்றுலா சென்ற ஒரு பள்ளிக் குழுவுடன் நானும் போயிருந்தேன். பழமுதிர்சோலைக்கு ஏறும் மலைச்சாலையில் நாட்டுக்குரங்குகள் பிள்ளைகளின் கையிலிருந்த பொரிகடலையைப் பிடுங்கிக்கொண்டிருந்தன. உடன் வந்த இளம் ஆசிரியர் ஒரு பெரிய ஆண் குரங்கைக் காட்டி, "இதுலருந்துதான் நாமெல்லாம் வந்தோம்" என்றார். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி உடனே கேட்டாள்: "அப்படின்னா இதெல்லாம் ஏன் சார் இன்னும் குரங்காவே இருக்கு?" சற்றுத் தடுமாறிய ஆசிரியர், "காலம் போகப் போக இதுவும் மாறும்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அந்தச் சிறுமியின் கேள்வியில் ஒரு குறையும் இல்லை. அவளுக்குச் சொல்லப்பட்டது உண்மையாக இருந்தால் கட்டாயம் எழவேண்டிய கேள்வி அது. அதற்குக் கிடைத்த விடையோ முதலில் சொன்னதைவிட மோசமானது. ஏனெனில் எல்லா உயிர்களும் மனிதனாவதற்காகவே வரிசையில் காத்திருக்கின்றன என்ற எண்ணத்தை அது விதைத்துவிட்டது. இப்படிக் கேட்டு வளரும் பிள்ளைகள் பிற்காலத்தில் ஆசிரியர் தவறாகச் சொன்னார் என்று நினைப்பதில்லை. அறிவியலே தவறு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். 2018ஆம் ஆண்டு ஜனவரியில் ஒன்றிய அரசின் மனிதவள மேம்பாட்டுத் துறை இணை அமைச்சரே, குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை என்றும் டார்வினின் கொள்கையைப் பாடத்திட்டத்தில் மாற்ற வேண்டும் என்றும் பேசினார். ஒன்றியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டது 2023இல் நாடு முழுவதும் பேசப்பட்டது. நம் மாநிலப் பத்தாம் வகுப்பு நூலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப் பாடமாகவே உள்ளது. கையில் இருக்கும் அந்தப் பாடத்தையும் நாமே பிழையாக நடத்தினால் அதைக் காப்பாற்ற வேறு யாரும் வரமாட்டார்கள்.

அழகர்மலைக் குரங்கின் வழியும் நம் வழியும் ஏறத்தாழ 2.5 கோடி முதல் 3 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்ப் பிரிந்தன. அதன்பின் இரு வழிகளிலும் மாற்றங்கள் தனித்தனியாகத் தொடர்ந்தன. பிடுங்கிய பொரிகடலையை நாட்டுக்குரங்கு உடனே விழுங்குவதில்லை. கன்னத்தின் உட்புறத்திலுள்ள பையில் அடைத்துக்கொண்டு, ஆபத்தில்லாத கிளையில் ஏறி அமர்ந்த பிறகுதான் மெல்லுகிறது. அந்தக் கன்னப்பை அதன் கிளையில் தோன்றியது. நமக்கும் சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் அது இல்லை. பிள்ளைகள் கண்ணெதிரில் பார்க்கும் இந்த ஒரு சான்றைக் கொண்டே, இந்த விலங்கு நாம் கடந்து வந்த படியன்று, தனக்குரிய வழியில் வந்து சேர்ந்த இன்றைய உயிர் என்று அந்த ஆசிரியர் விளக்கியிருக்கலாம்.

சிம்பன்சிக்கும் இதே விளக்கம் பொருந்தும். நம் கிளையும் சிம்பன்சியின் கிளையும் பிரிந்து ஏறத்தாழ 60 முதல் 70 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அத்தனை ஆண்டுகளும் சிம்பன்சியின் முன்னோரும் மாறிக்கொண்டுதான் இருந்தனர். நாம் மட்டும் நடந்து வந்தோம், அது அங்கேயே நின்றுவிட்டது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளிடம் நான் இதைக் குலசாமி கோயிலை வைத்தே சொல்வேன். மாசிச் சிவராத்திரிக்குக் கூடும் பங்காளிகள் அனைவருக்கும் எங்கோ மேலே ஒரு பாட்டன் பொதுவாக இருப்பார். அவர் இன்று உயிரோடு இல்லை. நான் என் பங்காளியிடமிருந்து பிறந்தேன் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. நீ இருக்கும்போது அவன் ஏன் இன்னும் இருக்கிறான் என்றும் யாரும் கேட்பதில்லை.

இதைத் திருத்தப் புறப்படும் சிலர் எதிர்முனைக்குப் போய், "மனிதனுக்கும் குரங்குக்கும் தொடர்பே இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். அதுவும் பிழை. மூன்று கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பொது மூதாதையை நாம் நேரில் காண முடிந்தால் தயங்காமல் குரங்கு என்றே அழைப்போம். எகிப்தின் ஃபாயூம் பகுதியில் கிடைத்த ஈஜிப்டோபிதிகஸ் என்ற விலங்கின் எலும்புகள் ஏறத்தாழ அந்தக் காலத்தவை. அதன் உருவம் நமக்கு அப்படித்தான் தோன்றுகிறது. ஆகவே, பழங்காலத்துக் குரங்கினம் ஒன்றிலிருந்து இன்றைய குரங்குகளும் மனிதரும் கிளைத்தனர் என்று சொல்லுங்கள். இன்று மரத்தில் அமர்ந்திருப்பதைக் காட்டிச் சொல்லாதீர்கள்.

இந்தப் பிழையை ஊர் முழுக்கப் பரப்பியது ஒரு படம். 1965இல் அமெரிக்காவில் வெளியான ஒரு நூலுக்காக ருடால்ஃப் சாலிங்கர் என்ற ஓவியர் பதினைந்து உருவங்களை ஒன்றன்பின் ஒன்றாக நடக்கவிட்டு வரைந்தார். நமக்கு மூதாதையே அல்லாத, வாரிசின்றி அழிந்த கிளைகளும் அதில் இடம்பெற்றிருந்தன. பிறகு அது நான்கைந்து உருவங்களாகச் சுருங்கி, சட்டைகளிலும் விளம்பரங்களிலும் பள்ளிச் சுவர்களிலும் ஏறிவிட்டது. உண்மையில் ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முன் நம் இனம் ஆப்பிரிக்காவில் வாழ்ந்தபோதே ஐரோப்பாவில் நியாண்டர்தால் மனிதரும் இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் மூன்றரை அடி உயரமுள்ள மற்றொரு மனித இனமும் வாழ்ந்தனர். ஒற்றை வரிசையில் இவர்களை எங்கே நிறுத்துவது?

பலகையில் வரையும்போது நாட்டுக்குரங்கு, சிம்பன்சி, மனிதர், கொரில்லா ஆகிய அனைத்தையும் மேலே ஒரே மட்டத்தில் எழுதுங்கள்; எல்லாமே இன்று வாழ்பவை. கோடுகளைக் கீழ்நோக்கி இழுத்து, சேருமிடங்களில் ஆண்டுகளைக் குறியுங்கள். மூதாதை இருக்கும் அந்த முடிச்சுகளில் இன்றைய விலங்கின் படத்தை ஒட்டாதீர்கள். மனிதரை வலது ஓரத்தில் கடைசியாக எழுதாமல் நடுவில் எழுதுங்கள். ஓரத்தில் இருப்பதே முடிவு என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள்.

வால் உதிர்ந்த கதை

"நிமிர்ந்து நடந்ததால் வால் தேவைப்படவில்லை, அதனால் தேய்ந்து போனது" என்ற விளக்கத்தை இன்னும் கேட்கிறேன். காலவரிசையே இதற்கு எதிராக நிற்கிறது. சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டான், கிப்பன் ஆகிய எவற்றுக்கும் வால் இல்லை. இவற்றுக்கும் நமக்கும் பொதுவான மூதாதையர் ஏறத்தாழ 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே வாலை இழந்துவிட்டனர். இரு காலில் நடப்பது அதற்கு வெகு பின்னால் வந்தது. டான்சானியாவின் லெடோலியில் எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடித் தடங்களுக்கு வயது சுமார் 36 லட்சம் ஆண்டுகள்தான். வாலிழப்புக்குப் பின்னால் டிபிஎக்ஸ்டி என்ற மரபணுவில் நுழைந்த ஒரு சிறு டிஎன்ஏ துண்டு இருக்கலாம் என்று 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. அத்தகைய மாற்றத்தை எலிகளில் உண்டாக்கியபோது சில குட்டைவாலுடனும் சில வாலின்றியும் பிறந்தன. பயன்படுத்தாத உறுப்பு தேய்ந்து, அந்தத் தேய்வு பிள்ளைக்கும் போகும் என்று எந்த உயிரியல் ஆசிரியரும் இனிச் சொல்லக்கூடாது.

தேவாங்கைப் பாதியில் நின்ற விலங்கு என்பது

திண்டுக்கல், அய்யலூர்ப் பக்கத்தில் வகுப்பெடுப்பவர்கள் தேவாங்கைப் பற்றிப் பேசுவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் "குரங்காக முழுதும் மாறாத விலங்கு" என்று அறிமுகப்படுத்துவது அதற்கு இழைக்கும் அநீதி. தேவாங்கின் கிளை நம் கிளையிலிருந்து ஆறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்தது. இருளில் பார்க்கும் பெரிய கண்கள், ஓசையின்றிக் கிளையைப் பற்றி நகரும் கைகால்கள், பூச்சிகளைப் பிடிக்கும் நுட்பம் என அது தன் இரவு வாழ்க்கைக்கு முழுமையாகப் பொருந்திய உயிர். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. மந்திரத்துக்கென்று அதைப் பிடித்துக் கொடுமை செய்த காலத்தின் எச்சம் இன்னும் தீரவில்லை. நமக்கு உறவான உயிர் அது என்பதைப் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்வது அதன் உயிரையும் காக்கும்.

"99 விழுக்காடு ஒன்றே"

மனிதரின் டிஎன்ஏவும் சிம்பன்சியின் டிஎன்ஏவும் 99 விழுக்காடு ஒன்றே என்று பலர் சொல்கிறார்கள். எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்று சொல்லாமல் இந்த எண்ணைச் சொல்லாதீர்கள். 2005இல் சிம்பன்சியின் மரபணுத்தொகுதி வெளியானபோது, நேருக்கு நேர் பொருத்த முடிந்த பகுதிகளில் டிஎன்ஏவின் ஒற்றை எழுத்து வேறுபாடு சுமார் 1.2 விழுக்காடு என்று தெரிந்தது. ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத துண்டுகளையும், அதாவது சேர்க்கைகளையும் நீக்கங்களையும், கணக்கிட்டால் வேறுபாடு கூடும்.

தசாவதாரத்தோடு முடிச்சுப் போடுவது

சித்திரைத் திருவிழாவில் ராமராயர் மண்டபத்தில் அழகர் விடியவிடியத் தசாவதாரக் கோலத்தில் காட்சி தருவதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. அதனால் மீன், ஆமை, பன்றி, நரசிம்மம் என்ற வரிசையைச் சொல்லிப் பரிணாமத்தைத் தொடங்குவது இங்கே எளிதாக வந்துவிடுகிறது, கேட்பவரும் தலையசைக்கிறார்கள். ஆனால் ஆமையிலிருந்து பன்றி வரவில்லை. ஆமை இருக்கும் ஊர்வனக் கிளையும் பாலூட்டிகளின் கிளையும் பிரிந்து 30 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. மறுபடியும் அதே ஒற்றை வரிசையைத்தான் பிள்ளைகள் மனத்தில் பதிக்கிறோம். அந்த இரவில் மண்டபத்தில் நிற்கும் மக்களின் பக்திக்கு உயிரியலின் சான்றிதழ் வேண்டியதில்லை. அதை அதன் இடத்தில் விட்டுவிடுவதே மரியாதை.

"காணாமற்போன கண்ணி"

குரங்குக்கும் மனிதருக்கும் இடையே ஒரே ஓர் இணைப்பு உயிர் இருந்தது, அது இன்னும் கிடைக்கவில்லை என்ற பொருளில் இதைச் சொல்கிறார்கள். அப்படி ஒன்றே ஒன்று இல்லை. அந்தத் தொடரையே விட்டுவிடுங்கள்.

கீழடியையும் அத்திரம்பாக்கத்தையும் ஒரே மூச்சில் சொல்வது

கீழடியின் காலம் சுமார் 2,600 ஆண்டுகள். திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவின் குழுவினர் அகழ்ந்த கற்கருவிகளின் காலம், 2011இல் வெளியான முடிவின்படி, சுமார் 15 லட்சம் ஆண்டுகள். இடைவெளி ஐந்நூறு மடங்குக்கும் அதிகம். நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸுக்கு இதுவரை தெரிந்த மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத்தில் கிடைத்தவை. அவற்றுக்கு வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள். எனவே அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரியைச் செதுக்கியவர் நம் இனத்தவரே அல்லர். "பதினைந்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழன்" என்று மேடையில் முழங்குவோர், நம் மண்ணில் நமக்கு முன்னர் வேறொரு மனித இனம் வாழ்ந்தது என்ற இன்னும் வியப்பான செய்தியைத் தொலைத்துவிடுகிறார்கள்.

ஜோதிமாணிக்கத்தில் "முதல் மனிதர்"

உசிலம்பட்டி வட்டாரத்து ஜோதிமாணிக்கம் ஊர்க்காரர் ஒருவரின் டிஎன்ஏவில் எம்130 என்ற அடையாளம் இருப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராமசாமி பிச்சப்பனும் மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸும் உலகறியச் செய்தனர். அது முக்கியமான கண்டுபிடிப்பு. ஆனால் அதை "இந்தியாவின் முதல் மனிதர்" என்றும், ஒரு சமூகம் மற்றவற்றைவிட மூத்தது என்றும் விரித்துச் சொல்வதற்கு அதில் இடமில்லை. எம்130 ஒய் குரோமோசோமில் உள்ளது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். அதை உடைய ஒருவரின் உடன்பிறந்த சகோதரியிடம் அது இருக்காது; அதற்காக அண்ணன் மூத்தகுடி, தங்கை பிற்காலத்தவள் என்று ஆகிவிடுமா? பத்துத் தலைமுறை பின்னே போனால் ஒவ்வொருவருக்கும் 1,024 முன்னோர் இடங்கள் உண்டு. ஒய் குரோமோசோம் அவற்றில் ஓரிடத்திலிருந்து மட்டும் வருகிறது. மற்ற 1,023 இடங்களைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. அது காட்டுவது இதுதான்: ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டு, தெற்காசியா வழியாக ஆஸ்திரேலியா வரை சென்ற பழைய குடிபெயர்வின் ஓர் இழை மதுரைப் பக்கத்து ஊரில் இன்றும் உயிரோடு இருக்கிறது, அதே கிளையின் வேறு இழைகளை ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் காணலாம்.