மாத்திரையும் தண்ணீரும்: வேலூர் வெயிலில் பெரியவர்கள் விஷயத்தில் நடக்கும் தவறுகள்

வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே இல்லை. அந்த வெயிலில், வருஷக்கணக்காக பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை போடுகிற பெரியவரிடம் "நிறைய தண்ணி குடிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதுதான் முதல் தவறு. எந்த மாத்திரை என்று பார்க்காமல் சொன்னால் அந்த அறிவுரையே சிலருக்கு ஆபத்து.

தாகம் எடுத்தால் கேட்பார்கள் என்று விட்டுவிடாதீர்கள். வயதானால் தாக உணர்வு மந்தமாகும், தண்ணீரைப் பிடித்துவைக்கும் சக்தி சிறுநீரகத்துக்குக் குறையும். அதற்கு மேல் நீர் மாத்திரை, அதாவது சிறுநீரை அதிகமாகப் போகவைக்கும் மாத்திரை. "எனக்கு அதெல்லாம் இல்லையே" என்பவர்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பிரஷர் மாத்திரைப் பெயரின் கடைசியில் 'ஹெச்' இருந்தால் பெரும்பாலும் உள்ளே ஹைட்ரோகுளோரோதயசைடு இருக்கும், அதுவும் நீர் மாத்திரைதான். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சுகர் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளும்போது கூடவே தண்ணீரும் போகும்.

ராத்திரி எழுந்திருக்கப் பயந்து சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்துபவர்கள் நிறைய. நீர் மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரைக் கேட்பதை விட்டுவிட்டு இது எதற்கு?

நம்ம ஊர்ப் பக்கத்துக்கே உரிய தவறு ஒன்று உண்டு. குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கமிருந்து வேலூர் ஆஸ்பத்திரிக்கு வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்கு விடியற்காலை பஸ் ஏறுபவர்கள், சாப்பாட்டோடு தண்ணீரையும் விட்டுவிடுகிறார்கள், பஸ்ஸில் அவசரம் வந்தால் என்ன செய்வது என்ற கவலை வேறு. பொதுவாக இந்தப் பரிசோதனைகளுக்கு வெறும் தண்ணீர் குடிக்கலாம். வேறு சோதனை, ஸ்கேன் இருந்தால் மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. தயசைடு வகை நீர் மாத்திரை (மேலே சொன்ன 'ஹெச்' இந்த வகைதான்) போடுபவர் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடலாம். திடீரென்று பேச்சு குழறும், நடை தள்ளாடும், வீட்டில் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். அதை நம்பாதீர்கள், உடனே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்ன லிட்டர் கணக்கு வெயில் காலத்தில் மாறுமா என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும். இளநீரும் எல்லோருக்கும் ஒத்துவராது: அதில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் பழுதானவர் டெல்மிசார்டன் என்ற பிரஷர் மாத்திரையோ ஸ்பைரனோலாக்டோன் என்ற நீர் மாத்திரையோ போட்டால் பொட்டாசியம் உடம்பிலேயே தங்கும்.

இருப்பதிலேயே மோசமானது வயிற்றுப்போக்கு நாளில் நடப்பது. வாந்தி, பேதி என்று உடம்பு காய்ந்து கிடக்கும்போதும் நீர் மாத்திரை, டெல்மிசார்டன், சுகருக்கான மெட்ஃபார்மின் எல்லாம் வழக்கம்போல உள்ளே போகும், முழங்கால் வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கின டைக்ளோஃபினாக்கும் சேரும். சிறுநீரகத்தை ஒரே வாரத்தில் கெடுக்க இந்தக் கூட்டணி போதும். அதற்காக எல்லா மாத்திரையையும் நீங்களாக நிறுத்துவதும் தப்பு. எதை எத்தனை நாள் நிறுத்துவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு, மருந்துச் சீட்டின் பின்னாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், கைத்தோலைக் கிள்ளிப் பார்ப்பது பெரியவர்களிடம் நம்பகமில்லை, அந்தத் தோல் எப்படியும் தளர்ந்துதான் இருக்கும். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா, சிறுநீர் குறைந்திருக்கிறதா, புதிதாகக் குழப்பம் தெரிகிறதா என்று பாருங்கள். பிரஷர் மெஷின் இருந்தால் உட்கார்ந்து ஒரு தடவை, நின்று ஒரு தடவை; நிற்கும்போது மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் டாக்டருக்குப் போன் போடுங்கள்.