தீசிஸில் ஒரே வரியை நாற்பது தடவை அடிக்காமல் இருக்க

தீசிஸின் சுருக்கமான என் சினாப்சிஸைத் திருத்தித் தந்த கைடு, ஓரத்தில் ஒரே ஒரு கேள்விதான் எழுதியிருந்தார்: "இது எத்தனை ஊர்?" கீழக்கரையை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதி வைத்திருந்தேன். ஓரிடத்தில் ழகரத்துக்கு எல், ஓரிடத்தில் இசட்-எச், வரைபடத்தில் இரண்டு கே. ராமநாதபுரம் கடற்கரையில், மண்டபத்திலிருந்து மூக்கையூர் வரை பாசியோ கடற்புல்லோ மீனோ எதை ஆராய்ந்தாலும், ஆய்வுப்பகுதியைப் பற்றிய வரிகள் மாறுவதே இல்லை. மாறாத வரியை ஒவ்வொரு தடவையும் புதிதாக அடித்தால் இப்படித்தான் ஆகும்.

இதற்கு வேர்டும் ஸோட்டெரோவும் போதும். ஸோட்டெரோ, மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் பார்த்துக்கொள்ளும், 2006இல் வந்த இலவச மென்பொருள். வேர்டுக்கு இலவச மாற்றான லிப்ரே ஆபீஸிலும் வேலை செய்யும்.

படி 1: எதைச் சேமிப்பது?

ஆய்வுப்பகுதி விவரம், துறையின் முகவரி, உயிரினப் பெயர்கள், தீவுக்குப் போக வனத்துறை தந்த அனுமதி பற்றிய வரி. இவ்வளவுதான். முடிவுகள், விவாதம் பக்கம் போகவே வேண்டாம். அங்கே சேமித்த வரியை ஒட்டுபவர் யோசிப்பதை நிறுத்திவிட்டார் என்று அர்த்தம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி, ஏற்கெனவே வெளியானவற்றோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. அதைத் தாண்டினால் படிப்படியாகச் சிக்கல். நீங்களே முன்பு வெளியிட்ட பத்தி என்றாலும், அதைக் குறிப்பிடாமல் ஒட்டினால் செக் பண்ணும் மென்பொருள் வண்ணம் பூசிக் காட்டிவிடும்.

படி 2: வரியைச் சேமிப்பது

வேர்டில் பத்தியைத் தேர்ந்தெடுத்து ஆல்ட்டையும் எஃப்3ஐயும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு பெட்டி திறக்கும். அதில் குட்டியாக ஒரு பெயர் கொடுங்கள். மன்னார் வளைகுடாப் பத்திக்கு நான் வைத்தது ஜி-ஓ-எம். இனி அந்த மூன்று எழுத்தை அடித்து எஃப்3ஐத் தட்டினால் முழுப் பத்தியும் வந்து நிற்கும். சில லேப்டாப்பில் எஃப்-என் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். வேர்டை மூடும்போது மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டால் ஆமாம் சொல்லுங்கள். அவசரத்தில் வேண்டாம் என்று தட்டினால் எல்லாம் போச்சு. லிப்ரே ஆபீஸில் சேமிக்க கண்ட்ரோல்+எஃப்3. வரவழைக்க அதே எஃப்3.

ஆனால் சேமிப்பதற்கு முன் ஒவ்வொரு எண்ணையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மன்னார் வளைகுடா தேசியக் கடல் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. 21 தீவுகள், பரப்பு 560 சதுர கிலோமீட்டர். 1989இல் வந்த உயிர்க்கோளக் காப்பகம் வேறு. அது 10,500 சதுர கிலோமீட்டர். நான் பூங்காவுக்குக் காப்பகத்தின் பரப்பைப் போட்டுச் சேமித்துவிட்டேன். கையால் அடித்திருந்தால் ஓரிடத்தில்தான் தப்பாகியிருக்கும். எஃப்3 புண்ணியத்தில் சினாப்சிஸ், இரண்டு கட்டுரை, ஒரு போஸ்டர் என்று நான்கு இடத்தில் பூங்கா கடலையே விழுங்கி உட்கார்ந்திருந்தது.

படி 3: உயிரினப் பெயர்கள்

இவை சாய்வெழுத்தில் வர வேண்டும், எழுத்துப்பிழையும் கூடாது. பெயரை ஒருமுறை சாய்வாக அடித்துத் தேர்ந்தெடுங்கள். வேர்டின் ஆப்ஷன்ஸில் ப்ரூஃபிங், அதற்குள் ஆட்டோகரெக்ட். அங்கே 'ஃபார்மேட்டட் டெக்ஸ்ட்' என்பதைத் தேர்ந்தால்தான் சாய்வும் சேர்ந்து பதியும். சுருக்கத்தைக் கொடுத்து ஆட் தட்டுங்கள்.

சுருக்கம் உண்மையான சொல்லாக இருக்கக் கூடாது. மரிக்கொழுந்துப் பாசிக்கு, அதாவது ஜெலிடியெல்லா அசெரோசாவுக்கு, நான் 'ஜெல்' என்று வைத்தேன். அந்தப் பாசியிலிருந்து அகர் என்ற கூழ்ப்பொருளை எடுக்கிறார்கள். அப்புறம் என்ன, 'அகர் ஜெல்' என்று அடித்த இடமெல்லாம் 'அகர் ஜெலிடியெல்லா அசெரோசா' ஆனது. இப்போது எல்லாச் சுருக்கத்துக்கும் வாலில் ஒரு எக்ஸ் சேர்த்துவிடுகிறேன். மண்டபம் பக்கம் பெப்சி பாசி என்று சொல்லும் கப்பாஃபைகஸ் ஆல்வரேசிக்குக் 'கப்எக்ஸ்'.

படி 4: ஸோட்டெரோவில் கட்டுரைகளைச் சேர்ப்பது

மேலே மந்திரக்கோல் படம் ஒன்று இருக்கும். அதைத் தட்டிக் கட்டுரையின் டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் தனி அடையாள எண்) ஒட்டி என்டர் கொடுத்தால் ஆசிரியர், ஆண்டு, இதழ் எல்லாம் தானே நிரம்பும். பழைய மண்டபம் ஆய்வுகள் பலவற்றுக்கு டிஓஐ கிடையாது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் 1971இல் கொச்சிக்குப் போகும்வரை மண்டபத்தில்தான் இருந்தது. அந்தக் கால அறிக்கை கையில் கிடைத்தால் விவரங்களைக் கையாலேயே அடிக்க வேண்டியதுதான்.

தானாக நிரம்பியது என்று நம்பி விட்டுவிடாதீர்கள். நம் ஊர் இனிஷியலை மென்பொருள் அடிக்கடி குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். கே. முருகன் என்பவர் பட்டியலில் 'கே., எம்.' ஆகிவிடுவார். கடைசிப் பெயர் கட்டத்தில் முருகன், முதல் பெயர் கட்டத்தில் கே. என்று மாற்றுங்கள். சேர்த்த அன்றே பார்த்துவிடுங்கள். நூறு கட்டுரை சேர்ந்த பிறகு பார்க்க மனசு வராது.

படி 5: கட்டுரையில் மேற்கோள் போடுவது

வேர்டில் ஸோட்டெரோ என்று ஒரு பட்டை வந்திருக்கும். மேற்கோள் சேர்க்கும் பொத்தானைத் தட்டினால் முதல் தடவை மட்டும் எந்த ஸ்டைல், அதாவது மேற்கோளை எந்த வடிவில் எழுத வேண்டும் என்று கேட்கும். பிறகு ஆசிரியர் பெயரில் நாலு எழுத்து அடித்து, பட்டியலில் வருவதைத் தேர்ந்து என்டர். கடைசிப் பக்கத்தில் நூற்பட்டியல் பொத்தானை ஒருமுறை தட்டினால் போதும். பிறகு சேர்ப்பதெல்லாம் தானே வரிசையில் அமரும். வேறு இதழுக்கு அனுப்புவதென்றால் டாக்குமென்ட் ப்ரிஃபரன்சஸில் ஸ்டைலை மாற்றினால் முழுவதும் மாறும்.

எஃப்3 பத்திக்குள் ஸோட்டெரோ மேற்கோளையும் சேர்த்துச் சேமிக்கலாமா என்று ஜூனியர் ஒருத்தி கேட்டாள். நான் செய்வதில்லை. மேற்கோள் வர வேண்டிய இடத்தில் மூன்று நட்சத்திரம் போட்டுச் சேமிக்கிறேன். பத்தி வந்ததும் நட்சத்திரத்தைத் தேடிப் புதிதாக மேற்கோள் போடுவேன். அந்த அரை நிமிடத்தில் எண்களும் இன்னொரு தடவை கண்ணில் படும்.

இதழுக்கு அனுப்பும் முன் ஃபைலை நகலெடுத்து, நகலில் மட்டும் 'அன்லிங்க் சைட்டேஷன்ஸ்' கொடுங்கள். மூல ஃபைலில் கொடுத்தால் மேற்கோள்கள் வெறும் எழுத்தாகிவிடும்; பிறகு ஸ்டைல் மாற்ற முடியாது.

எஃப்3 பத்திகள் நீங்கள் சேமித்த கம்ப்யூட்டரில்தான் இருக்கும். லேப் சிஸ்டத்தை ஒருநாள் ஃபார்மேட் செய்தார்கள், என்னுடையது அத்தனையும் போனது. இப்போது எல்லாப் பத்தியையும் ஒரே ஃபைலில் போட்டு எனக்கே மெயில் அனுப்பி வைத்திருக்கிறேன். கீழக்கரையின் ஸ்பெல்லிங்தான் அதில் முதல் வரி.