டெர்மினலில் தமிழ்த் தேதி: லாகின் ஆகும்போதே லோக்கேல் அமைப்பது எப்படி?

உபுண்டு அல்லது டெபியன் (இரண்டும் லினக்ஸ் வகைகள்) வைத்திருக்கும் புதியவர்களுக்கான குறிப்பு இது. லோக்கேல் என்பது தேதி, பணம், செய்திகள் எந்த மொழியில், எந்த நாட்டு வழக்கில் வர வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் அமைப்பு. கட்டளைகளை போனில் நண்பருக்குச் சொல்வது போல உச்சரிப்பிலேயே எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். லாங், எல்சி என்று தொடங்கும் பெயர்கள் முழுக்க கேபிடல், கட்டளைகள் சின்ன எழுத்து.

முதல் வேலை, இப்போது என்ன இருக்கிறது என்று பார்ப்பது. டெர்மினலைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

லோக்கேல்

பதினைந்து வரி போல வரும். பயப்பட வேண்டாம், மூன்று விஷயம் புரிந்தால் போதும். லாங் என்பது எல்லாவற்றுக்கும் பொதுவான மொழி. எல்சி_டைம், எல்சி_மானிடரி போன்றவை தேதி, பணம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. இவற்றில் ஏதாவது வைத்திருந்தால் அந்த இடத்தில் லாங் செல்லாது. எல்சி_ஆல் வைத்தாலோ லாங்கும் மற்ற எல்சி பெயர்களும் செல்லாது.

அடுத்து, தமிழ் லோக்கேல் கணினியில் இருக்கிறதா?

லோக்கேல் -ஏ

பட்டியலில் டிஏ_ஐஎன் இருக்க வேண்டும் (டிஏ சின்ன எழுத்து, ஐஎன் கேபிடல்). இலங்கைக்கு டிஏ_எல்கே. இல்லையென்றால் இடிசி ஃபோல்டரில் உள்ள லோக்கேல்.ஜென் ஃபைலை சூடோ (நிர்வாகி உரிமை தரும் கட்டளை) போட்டு நானோவில் (டெர்மினலிலேயே ஃபைலைத் திருத்தும் நிரல்) திறந்து, தமிழ் வரியின் முன்னால் இருக்கும் # குறியை நீக்கி சேமியுங்கள். ஆங்கில வரிகளில் பெயரோடு புள்ளி வைத்து யுடிஎஃப்-8 (எழுத்துகளைச் சேமிக்கும் முறையின் பெயர்) ஒட்டியிருக்கும். தமிழ் வரியில் அந்தப் புள்ளி கிடையாது, ஒரு இடைவெளிதான். புள்ளியோடு தேடினால் கிடைக்காது, நானே அப்படித் தேடி ஏமாந்திருக்கிறேன். சேமித்த பிறகு:

சூடோ லோக்கேல்-ஜென்

சரி, நிரந்தரமாக மாற்றும் முன் ஒரு முறை ருசி பார்த்துவிடலாம்:

எல்சி_டைம்=டிஏ_ஐஎன் டேட்

கிழமையும் மாதமும் தமிழில் வந்ததா? இது அந்த ஒரு கட்டளைக்கு மட்டும்தான். ஒவ்வொரு லாகினிலும் வர, உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் .ப்ரொஃபைல் ஃபைலின் கடைசியில் இதைச் சேருங்கள்:

எக்ஸ்போர்ட் எல்சி_டைம்=டிஏ_ஐஎன்

சமக்குறிக்கு இரு பக்கமும் இடைவெளி விடக்கூடாது. அப்புறம், புது டெர்மினல் ஜன்னல் திறந்தால் போதாது; லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வர வேண்டும். அப்படியும் மாறவில்லையா? ஹோம் ஃபோல்டரில் .பாஷ்_ப்ரொஃபைல் என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் பாஷ் (டெர்மினலில் நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) அதை மட்டும் படித்துவிட்டு .ப்ரொஃபைல் பக்கமே எட்டிப் பார்க்காது.

கணினியில் எல்லா பயனருக்கும் வேண்டுமென்றால் சூடோ அப்டேட்-லோக்கேல் என்று தட்டி, அதன் பின்னால் அதே எல்சி_டைம் பகுதியைப் போடுங்கள்.

லாங்கையே தமிழாக்கிவிடலாமே என்று தோன்றும். நான் செய்வதில்லை. பிழைச் செய்தி ஆங்கிலத்தில் இருந்தால்தான் அப்படியே காப்பி செய்து தேட முடிகிறது. போதாக்குறைக்கு கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அடித்தால் வரும் கறுப்புத் திரையில் தமிழ் எழுத்தே தெரியாது, கட்டம் கட்டமாக நிற்கும். ஆசை இருந்தால் மாற்றிப் பாருங்கள். மாற்றியும் செய்திகள் ஆங்கிலத்திலேயே வந்தால் லாங்குவேஜ் என்ற இன்னொரு மாறியில் (லாங், எல்சி_டைம் போல ஒரு மதிப்பை வைத்திருக்கும் பெயர்) ஆங்கிலம் உட்கார்ந்திருக்கும். செய்திகளைப் பொறுத்தவரை அதற்குத்தான் முதல் மரியாதை.

எல்சி_ஆலை மட்டும் .ப்ரொஃபைலில் வைக்காதீர்கள். நான் அப்படி வைத்துவிட்டு எஸ்எஸ்எச் (தூரத்துக் கணினிக்குள் டெர்மினலிலிருந்தே நுழையும் வழி) வழியாக ஒரு சர்வருக்குள் போனேன். பேர்ல் மொழியில் எழுதிய நிரல்கள் ஓடும்போதெல்லாம் லோக்கேல் அமைக்க முடியவில்லை என்று புலம்பல். சர்வரில் கோளாறு என்று அரைநாள் தேடினேன். உண்மையில் எஸ்எஸ்எச்தான் என் லாங், எல்சி மாறிகளை அங்கே சுமந்துகொண்டு போயிருக்கிறது, அந்த சர்வரிலோ தமிழ் லோக்கேல் இல்லை. எல்சி_டைம் மட்டும் வைத்தாலும் இது வரலாம். உங்கள் கணினியில் இடிசி ஃபோல்டரில் இருக்கும் எஸ்எஸ்எச் ஃபோல்டருக்குள் உள்ள எஸ்எஸ்எச்_கான்ஃபிக் ஃபைலில் சென்ட்என்வ் என்று தொடங்கும் வரியின் முன் # போட்டால் நின்றுவிடும்.

எல்சி_ஆலுக்கு ஒரு நல்ல பயன் உண்டு: ஸ்கிரிப்டில் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஃபைல்) ஒரு கட்டளைக்கு முன்னால் எல்சி_ஆல்=சி என்று போட்டால் (சி கேபிடல்; எந்த மொழியும் சேராத அடிப்படை லோக்கேல் அது) எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி விடை வரும். தமிழ்ச் சொற்களை வரிசைப்படுத்த மட்டும் அதை நம்பாதீர்கள். யூனிகோடு எண் வரிசைதான் அங்கே கணக்கு என்பதால், கடைசியில் வர வேண்டிய ன, ந-வுக்கு அடுத்தே வந்து நிற்கும்.