அந்த வெள்ளை ஸ்லீவை வெட்டாதீர்கள்: லேமினேட்டரை பிசிபிக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் கல்லூரி ப்ராஜெக்ட் சீசன் தொடங்கிவிட்டால் என் சர்வீஸ் மேசைக்கு வயிறு பிளந்த லேமினேட்டர்கள் வரிசையாக வந்துவிடும். பெரும்பாலும் ஜெராக்ஸ் கடைகளில் ஆதாருக்கும் ரேஷன் கார்டுக்கும் உறை போட்டே ஓய்ந்துபோன மெஷின்கள். கல்லுக்கட்டிப் பக்கம் ஏதாவது ஒரு கடையில் கழித்துப் போட்டதைச் சல்லிசாக வாங்கி, டோனர் ட்ரான்ஸ்ஃபருக்கு (லேசர் பிரிண்ட் எடுத்த சர்க்யூட் படத்தைச் சூட்டாலும் அழுத்தத்தாலும் காப்பர் போர்டில் ஒட்டவைப்பது) ஏற்ற மாதிரி மாற்றி, வீட்டிலேயே பிசிபி (சர்க்யூட் போர்டு) போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்புகிறார்கள். நல்ல யோசனைதான். அயர்ன் பாக்ஸை வைத்து மூச்சு முட்ட அழுத்தித் தேய்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். போர்டு முழுக்க ஒரே அழுத்தம், ஒரே சூடு.

ஆனால் வருடா வருடம் அதே தவறுகள்தான் வருகின்றன. ஆட்கள்தான் மாறுகிறார்கள். மிரர் பிரிண்ட் எடுக்கணுமா, காப்பரை ஸ்க்ரப்பர் போட்டுத் தேய்க்கணுமா, இங்க்ஜெட் பிரிண்ட் ஒட்டுமா என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு போர்டு வீணானால் அவை தானாகத் தெரிந்துவிடும். மெஷினையோ வீட்டையோ பதம் பார்க்கிற விஷயங்கள் மட்டும்தான் இங்கே.

தெர்மல் ஃப்யூஸை எடுத்துவிட்டு வயரை முறுக்குவது

இதைப் பற்றி எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

லேமினேட்டரைத் திறந்ததும் ஹீட்டர் மேல் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று வட்டமாக, பொத்தான் அளவில், இரண்டு காது நீட்டிக்கொண்டு இருப்பது. அதுதான் தெர்மோஸ்டாட். சூடு ஏறினால் கட் ஆகும், ஆறினால் தானாகச் சேரும். இன்னொன்று வெள்ளைக் கண்ணாடி இழை ஸ்லீவுக்குள் ஒளிந்திருக்கும். ஸ்லீவை நகர்த்திப் பார்த்தால் வெள்ளி நிறத்தில் ஒரு சின்ன உலோகக் குழாய், ஒரு முனையில் கூம்பாக எபாக்சி, உடம்பில் பொடி எழுத்தில் ஒரு டிகிரி எண். தெர்மல் ஃப்யூஸ். பெரும்பாலானவற்றில் உள்ளே மெழுகு போன்ற ஒரு வில்லை இருக்கும். குறித்த சூட்டில் அது உருகும், ஸ்பிரிங் விலகும், தொடர்பு அறுந்துபோகும். ஒரே தடவைதான், திரும்பச் சேராது.

உறை போடும் மெஷின் சாதாரணமாக 100 முதல் 130 டிகிரிக்குள்தான் ஓடும். பிளாஸ்டிக் உறைக்கு அது போதும். 1.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃப்ஆர்4 (கண்ணாடி இழை) போர்டை உள்ளே விட்டால் போர்டே பாதிச் சூட்டைக் குடித்துவிடும், டோனர் அரைகுறையாகத்தான் ஒட்டும். ரோலரை 160, 170 வரை ஏற்றினால் வேலை சுத்தமாக நடக்கும். எல்லோரும் மாற்றுவது இதற்காகத்தான். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஆர்டுயினோ (புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன கண்ட்ரோலர் போர்டு), சூடு அளக்கும் சென்சார், எஸ்எஸ்ஆர் (ஹீட்டரை ஆன், ஆஃப் செய்யும் எலெக்ட்ரானிக் ரிலே) மூன்றையும் மாட்டுகிறார்கள். சூடு ஏறுகிறது. பழைய தெர்மல் ஃப்யூஸ் தன் கடமையைச் செய்து கட் ஆகிறது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து, ஓபன் என்று கண்டுபிடித்து, புதுசு ஒன்று வாங்கி வந்து சால்டரிங் அயர்னை வைக்கிறார்கள். அயர்னின் முனை 350 டிகிரி. கால் வழியாகச் சூடு உள்ளே ஏறி, மெஷினில் மாட்டும் முன்பே ஃப்யூஸ் செத்துவிடுகிறது. இன்னொன்று வாங்குகிறார்கள், அதுவும் சாகிறது. அப்புறம் ஒரு முடிவுக்கு வருவார்கள் பாருங்கள்: "எல்லாம் டூப்ளிகேட்ணே, அதான் டைரக்ட் பண்ணிட்டோம். புரோகிராம் கோடுலதான் லிமிட் போட்டிருக்கோமே."

அப்படி டைரக்ட் செய்த மெஷின் ஒன்றை இரண்டு தம்பிகள் சாக்குப்பையில் சுற்றித் தூக்கி வந்தார்கள். சூடு அளக்கும் சென்சாரான தெர்மிஸ்டரை ஹீட்டர் தகட்டில் சாதாரண செல்லோ டேப்பால் ஒட்டியிருக்கிறார்கள். சூட்டில் பசை இளகி டேப் கழன்றுவிட்டது. தெர்மிஸ்டர் காற்றில் தொங்கிக்கொண்டு 60 டிகிரி, 60 டிகிரி என்று சொல்லிக்கொண்டே இருக்க, ஆர்டுயினோ பாவம், இன்னும் சூடு பத்தவில்லை என்று ஹீட்டரை விடாமல் ஓட்டியிருக்கிறது. இவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். சிவப்பு சிலிக்கான் ரோலர் பழுப்பாகி வெடித்து, பல்சக்கரம் ஷாஃப்டோடு உருகி ஒட்டி, மேல்மூடி குழிந்து, அடியில் இருந்த ஹாஸ்டல் மேசையின் மைக்கா ஷீட் கொப்பளித்துப்போனது. "கோடெல்லாம் கரெக்டாத்தான் இருந்துச்சுண்ணே" என்றார்கள். இருந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கோடு எவ்வளவு சரியாக இருந்தாலும் ஹீட்டர் நிற்காமல் எரிய வழிகள் உண்டு. சென்சார் கழன்றால் ஒன்று. எஸ்எஸ்ஆர் போகும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் போகும், அதாவது ஆன் நிலையிலேயே மாட்டிக்கொள்ளும், நீங்கள் ஆர்டுயினோவின் பின்னை லோ ஆக்கி ஆஃப் சொன்னாலும் அது கேட்காது. மைக்ரோகண்ட்ரோலர் ஹேங் ஆகி பின் ஹையிலேயே நின்றுபோவது இன்னொன்று. இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரே காவல், யார் பேச்சையும் கேட்காத அந்தச் சின்னக் குழாய்தான். அதன் விலைக்கு இன்றைக்கு ஒரு டீயும் வடையும் வரும்.

சரி, எப்படி மாட்டுவது? முதலில் ஃப்யூஸ் உட்காரப்போகும் இடத்தின் சூட்டை அளந்துவிடுங்கள். ரோலர் 165 என்றால் ஹீட்டர் உடம்பு அதைவிட அதிகமாகத்தான் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே அரை மணி நேரம் ஓட்டி, அங்கே எட்டுகிற உச்சத்தைப் பாருங்கள். அதற்கு மேல் 25, 30 டிகிரி இடைவெளி விட்டு வாங்குங்கள். 192, 216, 240 என்று கிடைக்கும். ஒட்டி வாங்கினால் தினசரிச் சூட்டிலேயே சும்மா சும்மா போகும், பழையபடி வயரை முறுக்கத் தோன்றும். இணைப்பைக் கிரிம்ப் செய்யுங்கள் (உலோகக் குழலுக்குள் வயரை விட்டு நசுக்கி இறுக்குவது). சால்டர் வைக்கவே கூடாது. காலை மடக்க வேண்டியிருந்தால் உடம்பை ஒட்டி மடக்காமல், நடுவில் மூக்குப் பிளையரால் பிடித்துக்கொண்டு மடக்குங்கள். ஃபேஸ் லைனில் போடுங்கள். நியூட்ரலில் போட்டால் கட் ஆன பிறகும் ஹீட்டரில் கரண்ட் நிற்கும், ஆறிவிட்டதே என்று கையை வைப்பீர்கள். ஸ்லீவையும் மறக்காமல் திரும்பப் போடுங்கள். முடிந்தால் 200 டிகிரி வாக்கில் கட் ஆகிற ஒரு கேஎஸ்டி301 தெர்மோஸ்டாட்டையும் சீரிஸில் சேர்த்துவிடலாம். சின்ன ஏற்றத்துக்கு அது கட் ஆகித் திரும்பச் சேரும், ஃப்யூஸ் வீணாகாது. அதைப் போட்டால் மட்டும், ஃப்யூஸ் அதற்கும் மேலே 240 ஆக இருக்கட்டும்.

கோடிலும் ஒரு வரி சேருங்கள்: ஹீட்டரை ஆன் செய்து ஒரு நிமிடம் ஆகியும் சூடு ஐந்து டிகிரிகூட ஏறவில்லை என்றால் எல்லாவற்றையும் நிறுத்து. இது ஃப்யூஸுக்கு மாற்று இல்லை, கூடுதல்.

சென்சாரை டேப்பில் ஒட்டுவது

ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். முடியாத இடத்தில் பழைய தெர்மோஸ்டாட்டைப் பிடித்திருந்த கிளிப்புக்கு அடியில் செருகுங்கள்.

சென்சாராகக் கே டைப் தெர்மோகப்பிள் வாங்கினால் வயர் நிறத்தை நம்ப வேண்டாம். அமெரிக்க முறையில் சிவப்பு என்றால் நெகட்டிவ். நம் கைக்கு வருகிற மலிவு சரக்கில் பெரும்பாலும் சிவப்புதான் பாசிட்டிவ். மாற்றிக் கொடுத்தால் சூடு ஏற ஏற எண் இறங்கும், கண்ட்ரோலர் இன்னும் வேகமாக அடுப்பை மூட்டும். முனையை வெந்நீரில் விட்டுப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். தெர்மோகப்பிளின் அளவை எண்ணாக மாற்றித் தரும் மேக்ஸ்6675 போர்டை ஒரு நொடிக்குப் பத்து இருபது தடவை படிக்கிறவர்களும் உண்டு. அந்தச் சிப்புக்கு ஒரு அளவெடுக்கக் கால் நொடி போல வேண்டும், இடையில் கேட்டால் பழைய எண்ணையேதான் தரும்.

மோட்டருக்கு ஃபேன் ரெகுலேட்டர்

ரோலர் மெதுவாகச் சுற்றினால் போர்டில் சூடு நன்றாக இறங்கும் என்பது சரி. அதற்காக சீலிங் ஃபேன் ரெகுலேட்டரைப் போடுவதுதான் தப்பு. சின்ன லேமினேட்டர்களில் பெரும்பாலும் இருப்பது சின்க்ரனஸ் மோட்டர். அதன் வேகத்தைத் தீர்மானிப்பது லைனின் 50 ஹெர்ட்ஸ்தான், வோல்டேஜ் இல்லை. வோல்டேஜைக் குறைத்தால் வேகம் குறையாது, இழுவைதான் குறையும். போர்டு நுழைந்ததும் உறுமிக்கொண்டு நின்றுவிடும், ரோலருக்கு நடுவே போர்டு வெந்துகொண்டிருக்கும்.

மைக்ரோவேவ் ஓவன் தட்டைச் சுற்றுகிற மோட்டரைப் போட்டுப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அது ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் எந்தப் பக்கம் சுற்றும் என்று அதற்கே தெரியாது. சாப்பாட்டுத் தட்டு எந்தப் பக்கம் சுற்றினால் என்ன, போர்டுக்கு அப்படி இல்லையே. கண்டிப்பாக மெதுவாகத்தான் வேண்டும் என்றால், திசை மாறாத, ஆர்பிஎம் குறைந்த கியர் மோட்டர் தேடுங்கள். டிசி மோட்டர் உள்ள மெஷின் கிடைத்தால் அதிர்ஷ்டம், பிடபிள்யூஎம் (கரண்டை விட்டு விட்டுக் கொடுத்து வேகத்தைக் குறைப்பது) போட்டுவிடலாம். என்னைக் கேட்டால் வேகத்தைத் தொடவே வேண்டாம். ஏழெட்டு தடவை, ஒவ்வொரு தடவையும் போர்டைத் திருப்பித் திருப்பி விட்டாலே போதும்.

ஒட்டவில்லை என்றால் இன்னும் சூடு, இன்னும் சூடு

200க்கு மேல் போனால் டோனர் நசுங்கிப் பரவும், பக்கத்து ட்ராக்கோடு சேரும். பழுப்பு நிற பேப்பர் ஃபினாலிக் போர்டு வளையும், காப்பர் கொப்பளிக்கும். பெரும்பாலும் குறை சூட்டில் இருக்காது, அழுத்தத்தில் இருக்கும். ரோலர் ஸ்பிரிங் அரை மில்லிமீட்டர் உறைக்காகச் செய்தது. 1.6 போர்டைத் திணித்தால் ஒரு ஓரம் மட்டும் தூக்கிக்கொள்ளும். 0.8 மில்லிமீட்டர் போர்டு வாங்குங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஹேக்ஸா பிளேடில் அறுத்த போர்டை அப்படியே விடுவது

பிசிறை அரம் போட்டு எடுங்கள். சிலிக்கான் ரோலர் கிழிந்தால் கடையில் தனியாகக் கிடைக்காது.

ஹீட்டருக்குச் சாதாரண பிவிசி வயர்

கூடவே கூடாது.

எஸ்எஸ்ஆரை மெஷினுக்குள்ளேயே வைத்து மூடுவது

அதுவே சூடாகிற பொருள், அதைக் கொண்டுபோய் அடுப்புக்குள் வைத்தால்? வெளியே தனிப் பெட்டி, ஒரு அலுமினியத் துண்டு.

பழைய வீட்டு இரண்டு முனை பிளக்

கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கமிருந்து வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் வீட்டில் எந்த அறையில் வைத்து ஓட்டப்போகிறாய் என்பதைத்தான். தேக்குத் தூணும் பெல்ஜியம் கண்ணாடியும் இருக்கிற வீட்டில் வயரிங்கும் அந்தக் காலத்து மரக் கேசிங்தான், எர்த் என்பதே பல கட்டுகளில் கிடையாது. லேமினேட்டரின் உள்ளே இருப்பது இரும்பு ஃப்ரேம். மாற்றுகிறேன் என்று பிரித்த மெஷினில் ஒரு வயர் உரசினால் முழு உடம்பிலும் ஃபேஸ் ஏறும். எர்த் வராத பிளக்கில் பச்சை வயரைக் கொடுத்து ஒரு பயனும் இல்லை. மோட்டார் ரூமுக்கோ புதிதாகக் கட்டிய சமையலறைக்கோ சரியான எர்த்தோடு லைன் இழுத்திருப்பார்கள், அங்கே வைத்து ஓட்டுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருந்தால் இன்னும் நல்லது.

ஃபெரிக் குளோரைடை முற்றத்தில் கலக்குவது

போர்டில் வேண்டாத காப்பரை அரித்தெடுக்கிற இந்தக் கரைசல் ஆத்தங்குடிக் கல்லில் ஒரு சொட்டு விழுந்தாலும் துருக் கறை போகாது, அமிலம் சிமெண்டையும் அரிக்கும். அப்புறம் ஆச்சிக்குப் பதில் சொல்ல என்னைக் கூப்பிடக் கூடாது. தீர்ந்த கரைசலில் காப்பர் இருக்கிறது, மீனுக்கு அது விஷம். ஊருணியிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள். சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நுரை அடங்கியதும் அடியில் தங்குகிற சேற்றைக் காயவைத்து எடுங்கள்.

வேலை முடிந்ததும் ஒரேயடியாக ஸ்விட்ச் ஆஃப்

சூடான ரோலர் சுற்றாமல் நின்றால் அழுந்திய இடத்தில் தட்டையாகிவிடும், பிளாஸ்டிக் புஷ்ஷும் இளகும். ஹீட்டரை மட்டும் நிறுத்தி, 60 டிகிரிக்கு இறங்கும்வரை மோட்டரை ஓடவிடுங்கள். நடுவில் கரண்ட் போனால் இதே கதைதான், போர்டும் சேர்ந்து உள்ளே மாட்டியிருக்கும். ரிலீஸ் லிவர் இருந்தால் உடனே தூக்கி போர்டை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பக்க மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள், பல்சக்கரத்தைக் கையால் சுற்றலாம், ஆனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு. மோட்டருக்குச் சில வாட்ஸ்தான் வேண்டும் என்பதால் அதை மட்டும் வீட்டு இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றி, ஹீட்டரை மெயினிலேயே விட்டுவிடலாம். அப்படிச் செய்தால் இரண்டு லைனின் நியூட்ரலையும் உள்ளே சேர்த்து முறுக்காதீர்கள், இன்வெர்ட்டர் போய்விடும்.