ஹாலிவுட்டுக்கு வந்து வேலியைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், ஹாலிவுட் புலவார்டும் ஹைலேண்ட் அவென்யூவும் சந்திக்கும் முனையில் நின்றிருந்தேன். தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் என்று ஒரு தமிழ்க் குடும்பம் கூரை வெட்டிய வேன் ஒன்றில் ஏறிக்கொண்டிருந்தது. நட்சத்திரங்களின் வீடுகளைக் காட்டும் வேன் அது. ஓடிப்போய்த் தடுக்கலாமா என்று யோசிப்பதற்குள் பணம் கைமாறிவிட்டது. பெரியவர் தொப்பியை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி வெயிலில் உட்கார்ந்திருந்தார். வேன் நகர்ந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. என் அப்பாவை இதே முனையில் இப்படி ஒரு வேனில் ஏற்றியவன் நான்.

லாஸ் ஏஞ்சலஸில் 15 ஆண்டுகளாக இருக்கிறேன். ஊரிலிருந்து வரும் உறவினர்களையும் நண்பர்களையும் சுற்றிக்காட்டுவது கிட்டத்தட்ட எனக்கு இரண்டாவது வேலை. நான் செய்த அதே தவறுகளைப் புதிதாக வருகிறவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். தண்ணீர் பாட்டில், நல்ல செருப்பு போன்றவற்றை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவற்றைச் சொல்கிறேன்.

ஹாலிவுட் என்பது ஒரே இடம் என்று நினைப்பது

ஹாலிவுட் தனி நகரமாக இருந்தது 1903 முதல் 1910 வரைதான். தண்ணீர்ப் பிரச்சினையால் லாஸ் ஏஞ்சலஸோடு இணைந்தது. இன்று அது அந்தப் பெருநகரத்தின் ஒரு பகுதி. படம் எடுக்கும் ஸ்டுடியோக்களோ ஆளுக்கொரு திசையில் கிடக்கின்றன. வார்னர் பிரதர்ஸும் டிஸ்னியும் மலைக்கு வடக்கே பர்பாங்கில். யுனிவர்சல் அதற்கு இப்பால் யுனிவர்சல் சிட்டியில். சோனி தெற்கே கல்வர் சிட்டியில், பழைய எம்ஜிஎம் வளாகத்தில். பெரிய ஸ்டுடியோக்களில் பாரமவுண்ட் மட்டும்தான் இன்னும் ஹாலிவுட்டுக்குள்ளேயே, மெல்ரோஸ் அவென்யூவில் இருக்கிறது.

ஆகவே காலையில் கல்வர் சிட்டி, மதியம் பர்பாங்க், மாலையில் கடற்கரை என்று திட்டம் போட்டால் அன்று நீங்கள் பார்ப்பது முன்னால் போகும் காரின் பின்விளக்கைத்தான். மலைக்கு இந்தப் பக்கம் ஒரு நாள், அந்தப் பக்கம் ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பலருக்குத் தெரியாத ஒன்று: ஹாலிவுட் ஹைலேண்டில் மெட்ரோ ரயில் ஏறினால், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக அடுத்த நிறுத்தமே யுனிவர்சல் சிட்டி.

மலைமேல் இருக்கும் ‘ஹாலிவுட்’ எழுத்துகளைத் தொடப் போவது

தொட முடியாது. வேலியும் கேமராவும் இருக்கின்றன. 1923இல் வீட்டுமனை விற்க வைத்த விளம்பரப் பலகை அது. அப்போது ‘ஹாலிவுட்லேண்ட்’ என்றிருந்தது, 1949இல் கடைசி நான்கு ஆங்கில எழுத்துகளை (LAND) எடுத்துவிட்டார்கள். ஒவ்வோர் எழுத்தும் சுமார் 45 அடி உயரம், எனவே தூரத்திலிருந்தே நன்றாகத் தெரியும். கைபேசி வரைபடம் காட்டும் குறுக்குச் சந்துகளில் காரை நுழைத்து, அங்கே குடியிருப்பவர்களின் ஏச்சை வாங்காதீர்கள். எழுத்துகளைப் பார்க்க கிரிஃபித் வானாய்வுக் கூடத்துக்குப் போங்கள். 1935 முதல் இருக்கிறது, உள்ளே நுழையக் கட்டணம் இல்லை. திங்கட்கிழமை மூடியிருக்கும், இது தெரியாமல் நான் இரண்டு குடும்பங்களை அழைத்துப் போயிருக்கிறேன்.

நடைபாதை நட்சத்திரங்களைக் குனிந்துகொண்டே தேடுவது

கலைஞர்களின் பெயர் பொறித்து நடைபாதையில் பதித்த நட்சத்திரங்கள் 2,700க்கும் மேல் இருக்கின்றன. யாருடையது வேண்டுமோ அதற்கு அருகிலுள்ள கட்டடத்தின் கதவெண்ணை முன்பே குறித்துக்கொண்டு வாருங்கள்.

வேடமிட்டவர்களோடு படம் எடுத்துக்கொள்வது

சினிமா வேடமிட்டுத் தெருவில் நிற்பவர்கள் படத்துக்குக் காசு கேட்பார்கள். எடுப்பதற்கு முன் தொகையைப் பேசிவிடுங்கள்.

நட்சத்திரங்களின் வீடுகளைப் பார்க்கக் கிளம்புவது

இதுதான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியாத தவறு.

என் அப்பா சங்கரன்கோவில் பக்கம் ஒரு தியேட்டரில் 31 ஆண்டுகள் ஆபரேட்டராக இருந்தவர். படக்கருவிக்குள் வெளிச்சம் தரும் கார்பன் குச்சிகள் எரிந்து குறையக் குறைய, இடைவெளியைத் திருகித் திருகிச் சரிசெய்து, திரையில் வெளிச்சம் மங்காமல் பார்த்துக்கொண்டவர். அந்தத் தியேட்டர் இப்போது கல்யாண மண்டபமாகிவிட்டது. 2014இல் அவர் முதல் முறை இங்கே வந்தபோது, பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டது ஹாலிவுட் ஒன்றைத்தான். அதற்கு நான் ஒதுக்கியது ஒரே ஒரு நாள். மறுநாள் அவருக்கு விமானம்.

முனையில் ஒருவர் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையை நீட்டினார். ஐம்பது நடிகர்களின் முகங்கள் அதில் இருந்தன. நான்கு பேருக்கு 180 டாலர். ஸ்டுடியோவை மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கொடுத்துவிட்டேன்.

இரண்டு மணி நேரம். பெவர்லி ஹில்ஸ் தெருக்களில் வேன் ஊர்ந்தது. இரண்டு ஆள் உயரத்துக்குச் சீராக வெட்டிவிட்ட பச்சை வேலி, அதன் நடுவே ஒரு இரும்புக் கேட். ஓட்டுநர் ஒலிபெருக்கியில் ஒரு பெயரைச் சொல்வார். எல்லோரும் கேட்டைப் படம் எடுப்பார்கள். அடுத்த வேலி, அடுத்த கேட், அடுத்த பெயர். சொன்னவர் அங்கேதான் இருக்கிறாரா, வீட்டை எப்போதோ விற்றுவிட்டாரா என்று யாரும் சரிபார்க்க வழியில்லை. சொன்னது உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், பிள்ளைகுட்டியோடு ஒருவர் குடியிருக்கும் வீட்டு வாசலில் ஒலிபெருக்கியோடு போய் நிற்பது நியாயமா? நம் ஊரில் ஒரு நடிகர் வீட்டு முன்னால் இதைச் செய்தால் நமக்கே கூசாதா?

அப்பா ஒவ்வொரு முறையும் ஓட்டுநர் கைகாட்டிய பக்கம் மரியாதையாகத் திரும்பிப் பார்த்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து என் தோளைத் தொட்டு, “படம் எடுக்கிற இடம் எப்போது வரும், ஐயா?” என்று கேட்டார். எங்கள் பக்கம் மகனை ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள்.

வரவில்லை. வேன் எங்களை இறக்கிவிட்டு, நான் காரை எடுத்து மலையைத் தாண்டி பர்பாங்க் போய்ச் சேர்ந்தபோது அன்றைய கடைசிச் சுற்று கிளம்பிவிட்டது. ஸ்டுடியோ சுவரை ஒட்டி ஒரு முறை காரை மெதுவாக ஓட்டினேன். சுவருக்கு மேலே படப்பிடிப்புத் தளங்களின் வளைந்த கூரைகள் தெரிந்தன. அப்பா, “இது போதும்” என்றார். 180 டாலரை மறந்துவிட்டேன், அந்த “போதும்” இன்னும் மறக்கவில்லை.

அவர் மறுபடியும் வர ஐந்து ஆண்டுகள் ஆயின. 2019இல் முழங்கால் வலியோடு வந்தார். இந்த முறை வேறு எதற்கும் நாள் ஒதுக்குமுன் வார்னர் பிரதர்ஸ் சுற்றுக்கு முன்பதிவு செய்தேன். சின்ன வண்டியிலேயே அழைத்துப் போகிறார்கள், முழங்காலுக்குச் சிரமமில்லை. தெரு முழுக்க நியூயார்க் கட்டடங்கள். படிக்கட்டு ஏறிக் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் வெறும் மரச்சட்டம். ஒரு தளத்தின் வாசலில் சிவப்பு விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. உள்ளே கேமரா ஓடுகிறது, ஓசை கூடாது என்பதற்கான அடையாளம் அது. வண்டி நின்றது. வழிகாட்டி சொல்வதற்கு முன்பே அப்பா என் மகளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

ஆளில்லாத இன்னொரு தளத்துக்குள் விட்டார்கள். எல்லோரும் செட்டைப் பார்க்க, அப்பா மட்டும் அண்ணாந்து கூரைக்கடியில் தொங்கிய விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விளக்கு எத்தனை வாட் என்று கேட்கச் சொன்னார். கேட்டுச் சொன்னேன். மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டுத் தலையசைத்தார்.

வேலை நடக்கும் ஸ்டுடியோவுக்கு வார நாளில் போங்கள்; வார இறுதியில் பெரும்பாலும் வேலை இருக்காது. மற்ற எதையும் திட்டமிடும் முன் இதற்கு நேரம் குறியுங்கள், அதுவும் காலை நேரம். சில இடங்களில் குழந்தைகளுக்கு வயது வரம்பு உண்டு, டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

யுனிவர்சல் டிக்கெட் வாங்கினால் படப்பிடிப்பு பார்க்கலாம் என்று நம்புவது

முதலில் அது கேளிக்கைப் பூங்கா. அதற்குள் 1964 முதல் ஓடும் டிராம் சுற்று உங்களை ஸ்டுடியோ வளாகத்துக்குள் கொண்டுபோகும், நன்றாகவே இருக்கும். ஆனால் ராட்டினங்களுக்கு வரிசையில் நின்று களைத்துவிட்டு, டிராமைக் கடைசிக்குத் தள்ளியவர்கள்தான் அதிகம். உள்ளே நுழைந்ததும் டிராமுக்குப் போங்கள். இந்த இடத்துக்கு ஒரு பழைய கதை உண்டு: 1915இல் யுனிவர்சலின் நிறுவனர் கார்ல் லெம்லி இதைத் திறந்தபோது 25 சென்ட் வாங்கிக்கொண்டு பொதுமக்களைப் படப்பிடிப்பு பார்க்க அனுமதித்தார். மௌனப்படக் காலம், கூட்டம் கைதட்டினாலும் குற்றமில்லை. பேசும் படம் வந்ததும் அது நின்றுபோனது.

கார் நிறுத்தும்போது ஒரு பலகையை மட்டும் படிப்பது

பார்க்கிங் விதிப் பலகை நான்கு இருந்தால் நான்கையும் படியுங்கள்.

ஆஸ்கார் வாரத்தில் வருவது

டால்பி தியேட்டரைச் சுற்றித் தெருவையே அடைத்துவிடுவார்கள். மற்ற நாட்களில் வாருங்கள். 2009இல் ஏ.ஆர். ரஹ்மான் இரண்டு ஆஸ்கார் வாங்கித் தமிழில் பேசியது இந்த மேடையில்தான். அப்போது இதன் பெயர் கோடாக் தியேட்டர்.

தியேட்டரை வாசலோடு பார்த்துவிட்டுப் போவது

1927இல் திறந்த சைனீஸ் தியேட்டரின் முற்றத்தில் நடிகர்களின் கைத்தடத்தோடு தன் கையை வைத்துப் பார்த்துவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். சினிமாவுக்காகக் கட்டிய அந்த மண்டபத்துக்குள் உட்கார்ந்து ஒரு படம் பாருங்கள். சற்றுத் தள்ளி 1922இல் கட்டிய ஈஜிப்ஷியன் தியேட்டர் இருக்கிறது. எளிதில் தீப்பற்றும் பழைய நைட்ரேட் பிலிமைக்கூடப் பாதுகாப்பாக ஓட்டும் வசதி உள்ள மிகச் சில அரங்குகளில் அதுவும் ஒன்று. 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓட்டும் காட்சி எந்த நாளில் என்று நிகழ்ச்சிப் பட்டியலில் பார்த்து டிக்கெட் எடுங்கள். இடைவேளை கிடையாது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

2019 பயணத்தின் கடைசி இரவு அப்பாவை அங்கேதான் அழைத்துப் போனேன். முன்னால் நல்ல இடங்கள் காலியாக இருந்தும் பின்வரிசைதான் வேண்டும் என்றார். படம் ஓடும்போது இரண்டு முறை திரும்பி, தலைக்கு மேலே வெளிச்சம் வரும் அந்தச் சின்னச் சன்னலைப் பார்த்தார்.