மேடிசன் மத்திய அரசு பக்கமா, மாநிலம் பக்கமா? குழம்பாம படிக்க ஒரு வழி

அமெரிக்காவோட 4வது ஜனாதிபதி ஜேம்ஸ் மேடிசன் என்னதான் சொல்றார்னு புரியாம ரெண்டு நாள் மண்டைய உடைச்சுக்கிட்டேன், நீங்களும் உடைச்சுக்க வேணாம்னுதான் இது.

1. பேப்பர்ல வருஷங்கள மட்டும் வரிசையா எழுதுங்க: 1787, 1791, 1798, 1816, 1817, 1830. பொன்மொழி சைட் பக்கமே போகாதீங்க, தேதியே இருக்காது. ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்ங்கற அமெரிக்க ஆவணக் காப்பக சைட்ல அவரோட கடிதங்கள் முழுசா, தேதியோட, இலவசமா இருக்கு, எனக்கு அதுதான் சரிப்பட்டுச்சு.

2. எதிர்ல அவர் செஞ்சத எழுதுங்க. 1787ல அரசியலமைப்ப எழுதுறப்ப, மாநில சட்டத்த ரத்து பண்ற அதிகாரமே காங்கிரஸுக்கு (அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு) வேணும்னார், கிடைக்கல. 1791ல நிதியமைச்சர் ஹாமில்டனோட தேசிய பேங்க் கூடாதுன்னார், அதுக்கு அரசியலமைப்புல இடமில்லையாம். 1816ல ரெண்டாவது பேங்குக்கு அவரே கையெழுத்து! நாடே முதல் பேங்க 20 வருஷம் ஏத்துக்கிட்டு நடத்திருச்சே, இனி அந்தக் கேள்வி எதுக்குங்கறது அவர் வாதம். ஆனா 1817 மார்ச் 3, பதவி முடியறதுக்கு முதல் நாள், ரோடு கால்வாய் மசோதாவ, அதுக்கு அரசியலமைப்புல அதிகாரம் இல்லன்னு வீட்டோ பண்ணிட்டார் (நிராகரிச்சுட்டார்).

3. நான் மாட்டுனது இங்கதான், நிதானமா படிங்க. அரசியலமைப்போட 10வது திருத்தம், மத்திய அரசுக்குக் குடுக்காத அதிகாரமெல்லாம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோதான்னு சொல்லுது. நான் அத "வெளிப்படையா குடுக்காத"ன்னே படிச்சுட்டு இருந்தேன். அந்த "வெளிப்படையா" இருந்தது அரசியலமைப்புக்கு முன்னாடி இருந்த பழைய கூட்டமைப்பு ஒப்பந்தத்துல. 1789ல தென் கரோலினா காங்கிரஸ் உறுப்பினர் டக்கர் அத இதுலயும் சேக்கச் சொன்னப்ப மேடிசன் ஒத்துக்கல, ஒவ்வொரு சின்ன விஷயத்தையும் எழுதி வைக்க முடியாது, சில அதிகாரம் உள்ளர்த்தமா வந்துதான் ஆகணும்னுட்டார். ஒரே வார்த்தைதான், அது இல்லாததாலதான் ஹாமில்டன் பக்கமும் வாதாட இடம் கிடைச்சுது.

4. கடைசியா 1798ஐயும் 1830ஐயும் பக்கத்துல பக்கத்துல வைங்க. 1798ல வெளிநாட்டுக்காரங்களையும் அரசை விமர்சிக்கிறவங்களையும் குறிவச்சு மத்திய அரசு போட்ட ஏலியன், செடிஷன் சட்டங்கள எதிர்த்து, வெர்ஜினியா சட்டமன்றம் நிறைவேத்துன தீர்மானத்த பேர் போடாம எழுதினவர் இவர்தான். பின்னாடி தென் கரோலினாக்காரங்க அதயே காட்டி, மத்திய அரசோட இறக்குமதி வரிய எங்க மாநிலத்துல செல்லாதாக்குவோம்னு கிளம்பினப்ப, தனி மாநிலத்துக்கு அந்த உரிமை கிடையாதுன்னு கடிதம் போட்டார்.

அப்டேட்: அதே சட்டங்கள எதிர்த்து கென்டக்கி மாநிலம் போட்ட தீர்மானமும் மேடிசனோடதான்னு ரெண்டு பேர் கமெண்ட்ல கேட்டிருந்தீங்க. இல்லங்க, அது அப்போ துணை ஜனாதிபதியா இருந்த ஜெஃபர்சன் ரகசியமா எழுதினது. "செல்லாதாக்கல்"ங்கற வார்த்தை அவர் வரைவுல இருந்துச்சு, கென்டக்கி சட்டமன்றம் 1798ல அத எடுத்துட்டு 1799ல திரும்பப் போட்டுச்சு.